அஞ்சலாட்சி வீட்டுக்கு வராத முதலை

ஐப்பசி வெள்ளம் வடிந்து, கொள்ளிடம் தன் பழைய கரைக்குள் ஒருவழியாக அடங்கிப் படுத்த செவ்வாய்க்கிழமைக் காலையில், சேந்தன்திட்டில் தனக்கோடி என்பவள் காபித் தண்ணிக்காக அண்டாவுக்குள் சொம்பை விட்டபோது சொம்பு எதன்மீதோ இடித்தது. அவள் கலங்கல் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவள் என்பதால் எட்டிப் பார்க்கவில்லை. கையை விட்டுத் தடவினாள், தலையிலிருந்து வால்வரைக்கும் ஒருமுறை, வாலிலிருந்து தலைவரைக்கும் ஒருமுறை, பிறகு "முதல கெடக்கு" என்று வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் குடத்தில் மொண்டு காபியைப் போட்டாள். முழங்கை நீளம்கூட இல்லாத முதலை. குஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. பல் தேய்ந்து, கண்ணோரத்துத் தோல் சுருங்கி, இன்னும் நூறு வருஷம் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்கிற தோரணையில் அடியில் படிந்து கிடக்கிற வயசாளி முதலை அது, அளவில்தான் குறைச்சல்.

எட்டு மணிக்குள் ஊரே தன் தன் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டது. மெம்பர் பக்கிரிசாமி வீட்டு நீல டிரம்மில் ஒன்று, அவர் தம்பி வீட்டுத் தவலையில் ஒன்று, போன மாதம் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன ஜோடியின் சீர்வரிசைக் குடத்தில் ஒன்று, அந்தக் குடத்தின் மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட இன்னும் யாரும் கிழிக்கவில்லை. ஊரில் நாற்பத்து மூன்று வீடு, எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று முதலை. வீட்டுக்கு ஒன்று என்று கடவுளே ரேஷன் போட்டுக் கொடுத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் கச்சிதம் இல்லை. தெய்வசிகாமணி வீட்டுத் தொட்டியில் இரண்டு கிடந்தன. அஞ்சலாட்சி வீட்டில் ஒன்றுமே இல்லை.

முதல் நாள் அலறினார்கள், இரண்டாம் நாள் அரட்டை அடித்தார்கள், மூன்றாம் நாள் முதலைக்கு என்ன பிடிக்கும் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்துவிட்டது. இறால் தலையைப் போட்டால் தின்றது, பழைய சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, மரவள்ளிக்கிழங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாரையும் கடிக்கவில்லை. கைவிட்டால் கைக்கு இடம்விட்டு ஒதுங்கிப் படுத்தது. பெண்கள் தங்கள் வழக்கப்படி கையாலேயே அவற்றை வகை பிரித்தார்கள்: தேங்காய்த்துருவி போல முதுகு உள்ளது துருவி முதுகன், வால் சட்டென்று முடிகிறது சுண்டுவாலன், மூக்கு நுனி உருண்டிருப்பது பாக்கு மூக்கன். எங்கள் வீட்டில் இருப்பது பாக்கு மூக்கன்தான், அவர்கள் வீட்டில் இருப்பது வெறும் சுண்டுவாலன் என்று பெருமை பேசுகிற அளவுக்கு அந்த வாரத்துக்குள் விஷயம் முற்றிப்போனது. விருந்தாளி வந்தால் மட்டும் யாரும் காட்டவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் நான்காம் நாள் பார்த்தால் அண்டா, தவலை, டிரம், குடம் எல்லாவற்றின்மேலும் மூடி ஏறியிருந்தது; மூடி இல்லாதவர்கள் தாம்பாளத்தைக் கவிழ்த்திருந்தார்கள், தாம்பாளம் இல்லாதவர்கள் முறத்தைப் போட்டு அதன்மேல் அம்மிக்குழவியை வைத்திருந்தார்கள்.

அஞ்சலாட்சி மட்டும் தன் குடத்தைத் திறந்தே வைத்திருந்தாள். தினமும் விளக்கினாள், வாய்வரை தண்ணீர் நிரப்பினாள், காலையில் எழுந்ததும் கைவிட்டுத் துழாவினாள். வெறும் தண்ணீர். முப்பத்தாறு வயது, ஒண்டிக்கட்டை என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் அவளுக்குக் கலியமூர்த்தி என்று ஒரு புருஷன் எங்கேயோ இருப்பதாகத்தான் ஊரில் பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய புரட்டாசியில் ஒரு நாள் கலியமூர்த்தியும் அவன் கூட்டாளி தெய்வசிகாமணியும் வலைபோடப் போனார்கள். தெய்வசிகாமணி மட்டும் திரும்பி வந்தான். "பாலத்தடியில கரையேறுனான் தங்கச்சி, நேரா பஸ் ஏறிட்டான். திருப்பூர் பக்கம் போறதாச் சொன்னான்" என்றான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வாசல் பூவரச மரத்தைப் பார்த்துச் சொன்னான். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று பிறகு யாரோ ஒட்டவைத்தார்கள். கலியமூர்த்திக்கு இருந்ததே ஒரு நல்ல சட்டை, நீலக் கட்டம் போட்டது, அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருத்தியைத் தேடிப் போகிறவன் நல்ல சட்டையை விட்டுவிட்டா போவான் என்று அஞ்சலாட்சி கேட்டபோது, "கேஸு கீஸுன்னு போனா ஒன் மானந்தாம்மா போவும்" என்று மெம்பர் பக்கிரிசாமி தணிந்த குரலில் சொன்னார். அன்று முதல் தினமும் ஆற்றில் இறங்கும்போது அவனை அவள் மனசாரத் திட்டினாள். நாசமாய்ப் போக, கட்டையில் போக என்று ஒரு நாள்கூட விடாமல் திட்டினாள்.

இப்போது முதலையும் வரவில்லை. "முதலகூட எட்டிப் பாக்காத வூடா போச்சே அவ வூடு" என்று கிண்டல் செய்தவர்கள்கூட அவள் கிட்டே வந்ததும் பேச்சை மாற்றினார்கள். குழாயடியில் அவள் போய் நின்றால் கூட்டம் கலைந்தது. என்னவோ இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்கிற அரிப்பு அவளுக்குள் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அந்த ஊர்ப் பெண்கள் இறால் பிடிக்கிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே வாத்து மாதிரி நகர்ந்து போவார்கள். கையில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று முகத்துக்கு நேரே மிதக்கும், அதன் கயிறு பல்லில் இருக்கும். கை இரண்டும் சேற்றில், வாய் கயிற்றில். ஆகவே ஆற்றுக்குள் யாரும் பேசுவதில்லை. பறிக்கயிற்றைக் கவ்வியிருப்பவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறப்பாள், திறந்தால் அன்றைய பாடு ஆற்றோடு போகும். நாளடைவில் இந்தக் கட்டுப்பாடு கரையேறி ஊருக்குள்ளும் வந்துவிட்டது. பதில் சொல்ல இஷ்டமில்லாத பெண் இடுப்பில் சொருகியிருக்கும் கயிற்றை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டால் போதும், கேட்டவள் மரியாதையாக எழுந்து போய்விட வேண்டும்.

முதலைச் செய்தி தாலுகா தாண்டிப் போனதும் முதல் காரியமாக ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இரண்டாவதாக ஜெசிந்தா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், சென்னையிலிருந்து வந்தவள், முதலைகளை இனம் பிரிப்பதற்கென்றே படித்தவள். சத்துணவுக் கூடத்தில் மேசை போட்டு, அளவு நாடாவும் தராசும் பெரிய நோட்டும் வைத்துக்கொண்டு, வீடு வீடாக முதலையைக் கொண்டுவரச் சொன்னாள். இது தொந்தரவில்லாத சின்ன இனம்தான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ஆறு திறந்துவிடும். பெரிய முதலையின் வம்சம் என்று எழுதினால் ஆற்றுக்கு முள்வேலிதான். இதை மெம்பர் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார்.

முதலையைப் பிடித்துக்கொள்ள நடுங்காத கை ஒன்று வேண்டும் என்று ஜெசிந்தா கேட்டபோது எல்லோரும் அஞ்சலாட்சியைக் காட்டினார்கள். அவள் வீட்டில்தான் முதலை இல்லை, எந்த முதலைக்கும் அவள் வேண்டியவள் இல்லை, பாரபட்சம் வராது என்றார்கள். உண்மையில் அவள் வீட்டுக்காரியாக வந்து மேசைக்கு முன்னால் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை, அதனால் மேசைக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். இரண்டு நாள் அவள் கையில் நாற்பத்து மூன்று முதலையும் ஏறி இறங்கின.

ஜெசிந்தா கைவேலை நடக்கும்போதே வாயும் ஓயாதவள். "வாய மூடுனாலும் கீழ்த்தாடையில நாலாவது பல்லு வெளிய தெரியுது பாருங்கக்கா, அப்ப இது அசல் முதலைக் குடும்பம். பல்லு உள்ள மறைஞ்சிட்டா அது கடல் தாண்டுன வேற குடும்பம். பிடரியில நாலு பெரிய செதில் சதுரமா இருக்கு, இது நம்ம ஊரு ஆத்து முதலையோட அடையாளம். ஆனா அது பத்தடிக்கு மேல வளரும், இது ஒரு அடி. பல்லப் பாத்தா கிழடு." ஆப்பிரிக்கக் காட்டில் ஆள் உயரத்தோடு நின்றுவிடும் குள்ள முதலை ஒன்று உண்டு, அதை ஒரே இனம் என்று ரொம்ப நாள் எழுதிவிட்டு இப்போது இல்லை, இரண்டு, இல்லையில்லை மூன்று என்று சண்டை போடுகிறார்கள் என்றாள். தென்னமெரிக்காவில் இன்னொரு குள்ளன், அதற்குக் கண்ணிமைக்குள்ளும் எலும்பு. "ஆனா இவ்வளவு சின்னது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆத்து முதலையிலேயே ஒரு குள்ள வகைன்னுதான் எழுதணும் போல. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அஞ்சலாட்சி சொல்லவில்லை. சின்ன இறால் இனத்தையும் பெரிய இறாலின் பொடியையும் இருட்டுச் சேற்றிலேயே பிரித்துவிடுகிற கை அவளுடையது. அந்தக் கைக்கு இது குஞ்சுமில்லை, சின்ன இனமுமில்லை. நல்ல வேட்டியைத் துவைத்துத் துவைத்துச் சுருங்க வைத்த மாதிரி, பெரிதாக இருக்கவேண்டிய ஒன்றை யாரோ பிடித்து அமுக்கிச் சின்னதாக்கிய மாதிரி இருந்தது. அதைப் போய்ப் படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஜெசிந்தா நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி இருந்தது. இந்த ஆற்றில் பெரிய முதலை பார்த்ததுண்டா? முதலில் வந்த தனக்கோடி சொன்னாள்: "எங்க ஆத்துல பெரிய முதல கெடையாது மேடம், எந்தக் காலத்துலயும் கெடையாது, யாரையும் புடிச்சதும் கெடையாது." அடுத்து வந்த மெம்பரும் அதையே சொன்னார். அடுத்து வந்த புதுப் பெண்ணும், சேந்தன்திட்டில் வாழ்க்கைப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்த அவளும், எந்தக் காலத்துலயும் கெடையாது என்றாள். பத்தாவது வீட்டில் அஞ்சலாட்சிக்கு அது மனப்பாடமாகிவிட்டது. இருபதாவது வீட்டில் அவளுக்கு ஒன்று இடறியது. பார்த்ததுண்டா என்றுதானே கேள்வி? யாரையாவது பிடித்ததா என்று யாருமே கேட்கவில்லையே, கேட்காததற்கு எதற்காக இத்தனை பேர் பதில் சொல்கிறார்கள்? அதோடு இன்னொன்றும் இருந்தது, அது அவள் கைக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போது, அவள் கையிலிருந்த முதலை ஒரு நகக்கண் அளவு சுருங்கியது.

கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக அவளுடைய மாமியார் சின்னப்பொண்ணு வந்தாள். மூத்த மகன் வீட்டில் இருப்பவள். பேசினிலிருந்து தன் முதலையைத் தானே எடுத்து, ஏணையில் பிள்ளையை விடுகிறது போல மருமகள் கையில் விட்டாள். "எங்க ஆத்துல" என்று ஆரம்பித்தாள், அதற்குமேல் குரல் வரவில்லை. மூத்த மகன் பின்னாலிருந்து மீதியைச் சொல்லி முடித்தான். ஜெசிந்தா எழுதிக்கொண்டாள். அஞ்சலாட்சிக்கு அந்த நிமிஷம் தை அமாவாசை ஞாபகம் வந்தது. செத்துப்போனவர்களுக்குப் படைக்கையில் மாமியார் எப்போதும் நான்கு இலை போடுவாள். போன தையில் ஐந்து போட்டிருந்தாள். ஐந்தாவது யாருக்கு அத்தை என்று கேட்டதற்கு, "காக்காவுக்குடி" என்றாள். காக்காவுக்கு எந்த ஊரில் இலை போட்டு, நடுவில் வறுத்த இறால் வைப்பார்கள்? கலியமூர்த்திக்கு வறுத்த இறால் என்றால் உயிர்.

கடைசியாக, இரண்டு முதலைகளோடு வந்த தெய்வசிகாமணி, மேசையைப் பார்த்தபடியே அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

"அப்ப உங்க வீட்டுக்குச் சுழியம்னு போட்டுக்கறேன்க்கா" என்றாள் ஜெசிந்தா. "நாலு மணி வண்டிக்கு நான் கெளம்பணும். சாப்புட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

அஞ்சலாட்சி சாப்பிடப் போகவில்லை. நேரே தனக்கோடி வீட்டுக்குப் போனாள். "எக்கா, எம் புருஷன் பஸ் ஏறுனத யாரு பாத்தா?" என்று கேட்டாள். தனக்கோடி இரண்டு வருஷமாக அவளுக்குக் குழம்பு கொடுத்து, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்து, கூடப்பிறந்தவள் போல இருந்தவள். அவள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள், மூடி போட்ட அண்டாவைப் பார்த்தாள், இடுப்பிலிருந்து பறிக்கயிற்றை உருவிப் பல்லில் கவ்விக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் பல் கயிற்றை விடவில்லை. கட்டுப்பாட்டுப்படி அஞ்சலாட்சி எழுந்து வெளியே வந்தாள்.

தெய்வசிகாமணி வீட்டில் அவன் மட்டும் இருந்தான். அவள் வாசலில் நின்று கூப்பிடவில்லை. உள்ளே போய்த் தொட்டிமேல் கிடந்த பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு, இரண்டு முதலைகளையும் ஒரே பிடியில் எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"எல்லார் வூட்டுலயும் ஒண்ணு, ஒன் வூட்டுல மட்டும் ஏன்ணே ரெண்டு?"

மடியில் கிடந்த இரண்டையும் அவன் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பேச ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை.

"நான் பாத்தேன் தங்கச்சி. அதுக்கு ஒண்ணு. பஸ் ஏறிட்டான்னு சொன்னேன், அதுக்கு ஒண்ணு. பாலத்துக்குக் கெழக்கால வல மாட்டிக்கிச்சுன்னு அவன் எறங்கி முங்குனான். மேல வந்தவன் 'சிகாமணி'ன்னு கூப்புட்டான். ரெண்டு தடவ கூப்புட்டான். அது அவன் இடுப்பப் புடிச்சிருந்துச்சு. என் படகு நீளம் இருந்துச்சு தங்கச்சி. நான் துடுப்ப எடுத்துக் கரைக்குப் போட்டேன். மூணாவது தடவ அவன் கூப்புடல."

"ஊருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே மெம்பர் வூட்டுல கூடிப் பேசியாச்சு. வெளிய தெரிஞ்சா ஆத்த மூடிருவாங்க, நாப்பது வூட்டுப் பொம்பளைங்களும் கைய வச்சிக்கிட்டு என்னா பண்றதுன்னாங்க. அது வெள்ளத்தோட வந்தது, வெள்ளத்தோட போயிருக்கும்னு எல்லாரும் நெனச்சோம். வூட்டுக்கு வூடு சொல்லிவுட்டோம். புதுசா வர்ற பொண்ணுக்குக்கூட மொதல் வேலையா இதத்தான் சொல்லித்தர்றது."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"ஒன் மாமியாதான் வேணாம்னுச்சு. எம் மவன் போயிட்டான், அவளாச்சும் பூவும் பொட்டுமா இருக்கட்டும்னு அழுதுச்சு."

அவள் அழவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம் வந்து வழியை அடைத்துக்கொண்டது. செத்தவன்மேல் இல்லை, சாகவிட்டவன்மேல்கூட அவ்வளவு இல்லை. இரண்டு வருஷம் தினமும் காலையில், அவன் கிடக்கிற அதே தண்ணீரில் இறங்கி, கயிற்றைக் கவ்வுவதற்கு முன்னால் கட்டையில் போக என்று அவனைத் திட்டவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் குந்தி இறால் தடவினார்களே, நாற்பது பெண்கள், ஒருத்தியாவது கயிற்றைத் துப்பிவிட்டு, திட்டாதேடி என்று சொன்னாளா? அந்த நினைப்பு நெஞ்சில் நின்று எரிந்தது. தெய்வசிகாமணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஒவ்வொரு வீட்டு மூடியையும் பார்த்துக்கொண்டே போனாள். இனி யார் வீட்டில் என்ன இனம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை தன்னால் குடத்துக்குள் போயிற்று. வெறும் தண்ணீராக இருந்த குடத்தில், காலையில்கூடத் துழாவிப் பார்த்த குடத்தில், துருவி முதுகும் பாக்கு மூக்குமாக அது கிடந்தது. அவள் கைக்கு இடம்விட்டு ஒதுங்கிப் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. தனக்கோடியும் மெம்பரும் நின்றார்கள், தெய்வசிகாமணி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தனக்கோடி கையில் ஒரு எவர்சில்வர் மூடி, புதுசு.

"வந்துருச்சா?" என்றாள் தனக்கோடி, ரகசியமாக.

"வந்துருச்சு."

"மூடிவச்சிரு அஞ்சல. ரெண்டு நாளு ஒருமாரி இருக்கும், அப்பறம் பழகிரும். நாங்கள்லாம் பழகல?"

"இன்னும் ஒரு மணி நேரந்தாம்மா" என்றார் மெம்பர். "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரும். திங்கக்கெழம ஆத்துல எறங்கலாம். ஒனக்கும் அதான சோறு? போனவன் திரும்பவா போறான்?"

தனக்கோடி தன் பறிக்கயிற்றை எடுத்து அவள் உதட்டருகே நீட்டினாள். அதில் மிரட்டல் இல்லை, பாசம்தான் இருந்தது, அதனால்தான் அஞ்சலாட்சி வாயைத் திறந்து அதைக் கவ்விக்கொண்டாள். உப்பும் சேறும் நாரும் கலந்த பழகிய ருசி. எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், மூடியைப் போட்டால் போதும், குழாயடியில் இனி யாரும் கலைந்து போகமாட்டார்கள், அவளும் ஒரு வீட்டுக்காரி ஆகிவிடுவாள். திங்கட்கிழமை எல்லோரோடும் ஆற்றுக்குப் போகலாம். தனக்கோடி அவளுக்கு இடப்பக்கம் குந்துவாள், அந்தப் புதுப் பெண் வலப்பக்கம் குந்துவாள், நாற்பது பேர் கழுத்தளவுத் தண்ணீரில், கை இரண்டும் சேற்றில். கூப்பிட வேண்டுமென்றாலும் வாயில் கயிறு இருக்கும்.

கயிற்றைத் துப்பினாள்.

"அவனாச்சும் ரெண்டு தடவ கூப்புட்டான்க்கா" என்றாள்.

ஆணியில் தொங்கிய நீலக் கட்டச் சட்டையை எடுத்துத் தரையில் விரித்தாள், குடத்திலிருந்து முதலையைத் தூக்கி அதன்மேல் வைத்துப் பிள்ளையைச் சுற்றுகிறது போலச் சுற்றி, மாரோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மெம்பர் குறுக்கே வந்தார், அவள் நடந்த வேகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். முதல் வீட்டைத் தாண்டும்போது கையில் கனம் கூடியது. நான்காவது வீட்டைத் தாண்டும்போது அதன் வால் சட்டைக்கு வெளியே வந்து அவள் முழங்காலில் இடித்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள், உள்ளே மூடிகள் கடகடவென்று ஆடின, ஒரு வீட்டில் அம்மிக்குழவி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பத்தாவது வீட்டில் சட்டையின் தோள் தையல் விட்டது. பதினைந்தாவது வீட்டில் முதுகுத் தையல் விட்டது. அவள் இரண்டு கையாலும் அதன் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வால் புழுதியில் கோடு கிழிக்க, மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு நடந்தாள். அது சாதுவாகவே வந்தது. கடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, சொல்லிவிட்டால் போதும் என்பது போல வந்தது.

சத்துணவுக் கூடத்தில் ஜெசிந்தா பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். மேசைமேல் அதை வைக்க முடியவில்லை, மேசை கவிழ்ந்தது. தரையில் கிடத்தினாள். சட்டைக் கந்தல் அதன் நடுமுதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தச் சுழியத்த அடிச்சிருங்க மேடம்" என்றாள் அஞ்சலாட்சி. "எழுதிக்குங்க. பேரு கலியமூர்த்தி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, புரட்டாசி மாசம், பாலத்துக்குக் கெழக்கால. இந்த ஆத்துல முதல எடுத்துச்சு. பொண்டாட்டி பேரு அஞ்சலாட்சி. இது சின்ன இனம் இல்ல மேடம். பெருசுதான். மூடி வச்சதால இப்புடி இருந்துச்சு."

ஜெசிந்தா எழுதவில்லை. கடமை மறக்காத பெண், அளவு நாடாவை எடுத்து மூக்கு நுனியில் வைத்து வால் பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் எழும்பியது. எம் மவனே, எஞ் சாமியே என்று, இரண்டு வருஷமாக ஊருக்குள் யாரும் பாடாத ஒப்பாரியைச் சின்னப்பொண்ணு பாடிக்கொண்டு வந்தாள், மாரில் அடித்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, இரண்டு கையாலும் தன்னுடையதை இழுத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் தனக்கோடி வந்தாள், அவளுக்குப் பின்னால் அந்தப் புதுப் பெண், எல்லோருக்கும் பின்னால், இரண்டை இழுக்கமாட்டாமல் இழுத்துக்கொண்டு தெய்வசிகாமணி. அஞ்சலாட்சி ஓடிப்போய் மாமியாரின் தோளைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான், ஊர் கேட்க அழுதாள்.

கூடத்துக்குள் ஜெசிந்தா நாடாவின் கடைசி எண்ணைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். அதற்கு அப்பாலும் வால் இருந்தது.